பீச்சும் பார்க்கணும்... டவுனும் சுத்தணும்... சென்னை வரும் குடும்பங்கள் எங்கே ரூம் போடலாம்?

சென்னை:

ஸ்கூல் லீவு விட்டாச்சுன்னா சேலம், திருச்சி, மதுரை, நெல்லைன்னு எல்லா ஊர்லேருந்தும் ஜனங்க மூட்டை முடிச்சோட சென்னைக்குக் கிளம்பிடறாங்க. பசங்களுக்கு கடல் பார்க்கணும். அம்மாவுக்கு தி.நகர் போகணும். பாட்டிக்கு மயிலாப்பூர் கபாலி கோயில். அப்பாவுக்கு ஒரே கவலை... கையில இருக்கிற காசு 3 நாளைக்குத் தாங்குமா?

இந்தக் கவலைக்குப் பாதி பதில், ரூம் எங்கே போடறோம் என்பதில்தான் இருக்கிறது. ரூம் தப்பான இடத்தில் அமைந்தால் லீவில் பாதி பஸ்சிலேயே போய்விடும். மீதி ஆட்டோவுக்கு அழுவதில் போகும். ரூம் சரியாக அமைந்துவிட்டால் அதே காசில் கடலை இரண்டு தடவை பார்க்கலாம், கடைக்கும் போகலாம்.

"எங்கே வாடகை கம்மி?" என்று கேட்டுத்தான் பெரும்பாலானவர்கள் ரூம் தேடுகிறார்கள். "காலையில எந்திரிச்சா எங்கே போகப் போறோம்? ராத்திரி எங்கேருந்து திரும்பப் போறோம்?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெயிலை மறக்கக் கூடாது!

ஏப்ரல், மே மாதத்தில் சென்னை பீச்சில் பகல் நேரத்தில் கால் வைக்க முடியாது. மணல் கொதிக்கும். காலை 5.30 மணி முதல் 7 மணி வரை, அப்புறம் சாயங்காலம் 5 மணிக்கு மேல்... இந்த இரண்டு நேரம்தான் பீச்சுக்கு ஏற்ற நேரம். சென்னைக்குக் கடல் கிழக்குப் பக்கம். அதனால் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். உள்மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காட்சி வேறு கிடையாது.

பீச்சுக்கு நடக்கிற தூரத்தில் தங்குகிற குடும்பம் விடியற்காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று கடலுக்குப் போய் வரலாம். நடுவில் ரூமில் வந்து குளித்து, ஒரு தூக்கம் போட்டு, டவுனுக்கும் கிளம்பலாம். தள்ளித் தங்குகிறவர்களுக்கு விடியற்காலை பீச் கைவிட்டுப் போகும். சாயங்காலமும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, இருட்டியதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு ஓட வேண்டும்.

கடற்கரை எப்படிப் போகுது?

சென்னையின் கடற்கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. துறைமுகத்தைத் தாண்டியதும் மெரினா. அண்ணா நினைவிடம் பக்கம் தொடங்கி, கலங்கரை விளக்கம், சாந்தோம் தாண்டி பட்டினப்பாக்கம் வரை சுமார் 6 கி.மீ. அதற்கு அப்புறம் அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், அடுத்து திருவான்மியூர். அங்கிருந்து ஈ.சி.ஆர். ரோடு பிடித்தால் ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு, கோவளம், கடைசியாக மாமல்லபுரம்.

இந்தக் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி பறக்கும் ரயில் ஓடுகிறது. 1995ல் பீச் ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை மட்டும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 1997ல் மயிலாப்பூர், 2004ல் திருவான்மியூர், 2007ல் வேளச்சேரி என்று நீண்டது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய 3 ஸ்டேஷனில் எதில் இறங்கினாலும் மெரினாவுக்கு நடந்து போய்விடலாம். டிக்கெட் 5 ரூபாயில் ஆரம்பம். ஏழை எளிய குடும்பத்துக்கு இதைவிட மலிவான பீச் வண்டி கிடையாது.

ஆக, இந்த ரயிலுக்குப் பக்கத்தில் ரூம் இருந்தால் பாதி பிரச்சனை தீர்ந்தது.

எங்கே இறங்குறாங்க?

ரூம் பார்க்கும் முன் டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். தென்மாவட்ட ரயில்கள் எழும்பூர் வரும். சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். கோவை, சேலம் பக்க ரயில்கள் சென்ட்ரலுக்கு வரும்.

பஸ்சில் வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். "கோயம்பேட்டுல இறங்கிக்கலாம்" என்று பழைய நினைப்பில் வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மெரினா 30 கி.மீ.க்கு மேல். விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் ஆட்டோவில் ஏறினால் ஒரு நாள் ரூம் வாடகை போயே போச்சு.

கிளாம்பாக்கத்திலேயே மாநகர பஸ் இருக்கிறது. அதில் தாம்பரம் வந்தால் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில். கிண்டி வந்தால் ரயிலும் உண்டு, மெட்ரோவும் உண்டு. சாதாரண கட்டண மாநகர பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. வெளியூர்ப் பெண்களுக்கும் அது பொருந்தும். இது தெரியாமல் காசை நீட்டுகிறவர்கள் நிறைய.

திருவல்லிக்கேணி: முதல் மார்க்!

முதல் தடவை வரும் நடுத்தர, ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால் திருவல்லிக்கேணிக்குத்தான் முதல் மார்க்.

திருவல்லிக்கேணி ஹைரோடு, வாலாஜா ரோடு, அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தெருக்களில் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. பாரதி சாலையில் கிழக்கே நடந்தால் நேராக மெரினா. பார்த்தசாரதி கோயிலிலிருந்து கடல் சுமார் 1 கி.மீ. தூரம்தான். பாட்டியைக் கோயிலில் விட்டுவிட்டு பசங்களை பீச்சுக்குக் கூட்டிப் போகலாம். பறக்கும் ரயிலில் ஏறினால் மயிலாப்பூர் சில ஸ்டேஷன் தள்ளி. அண்ணா சாலைப் பக்கம் நடந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷன். அங்கிருந்து சென்ட்ரல் அடுத்த ஸ்டேஷன்தான்.

சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. இட்லிக் கடை, பிரியாணிக் கடை, மெஸ் எல்லாம் நடக்கிற தூரத்தில். சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பெயர் போன ரத்னா கபேயும் இங்கேதான்.

குறையும் உண்டு. தெரு குறுகல். வண்டிச் சத்தம் ராத்திரி வரை ஓயாது. பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது. மூட்டுவலிக்காரர் கூட வந்தால் 3வது மாடி ரூமை வாங்கிக்கொண்டு முழிக்கக் கூடாது. "கீழ் ரூம் இருக்கா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று... இங்கே "மேன்ஷன்" என்று போர்டு போட்ட கட்டடங்கள் நிறைய. அவை வேலைக்குப் போகும் பேச்சிலர்களுக்காக மாத வாடகைக்கு விடுபவை. குடும்பத்தோடு அங்கே போய் நின்று பிரயோஜனம் இல்லை. லாட்ஜ் என்று கேட்டுத்தான் போக வேண்டும்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் என்றால் இந்தப் பக்கம் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஐ.பி.எல். சமயத்தில் வருகிறவர்கள் மேட்ச் தேதியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எழும்பூர், பெரியமேடு: வந்த உடனே படுக்கலாம்

எழும்பூர் ஸ்டேஷன் எதிரே காந்தி இர்வின் ரோடு, கென்னட் லேன் பக்கம் எல்லா ரேட்டிலும் லாட்ஜ்கள் இருக்கின்றன. சென்ட்ரல் பக்கம் வருகிறவர்களுக்கு பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு. ராத்திரி ரயிலில் வந்து காலை அசதியோடு இறங்கும் குடும்பத்துக்கு இது வசதி. திரும்பிப் போகும் நாளிலும் டென்ஷன் இல்லை.

1851ல் தொடங்கிய எழும்பூர் மியூசியம் நடக்கிற தூரத்தில். ஆனால் பீச் நடக்கிற தூரத்தில் இல்லை. எழும்பூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான பூங்காவில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடந்து பறக்கும் ரயிலின் பூங்கா நகர் ஸ்டேஷன். அதில் ஏறி சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ இறங்கலாம். செலவு குறைவு. ஆனால் இரண்டு ரயில், படிக்கட்டு, நடை. கைக்குழந்தையோடு தினமும் இரண்டு வேளை இப்படிப் போக யாருக்கும் தெம்பு இருக்காது.

"டவுன்தான் முக்கியம், பீச்சுக்கு ஒரு சாயங்காலம் போதும்" என்கிற குடும்பத்துக்கு எழும்பூர் சரி. "தினமும் கடல் வேணும்" என்கிற குடும்பத்துக்குச் சரிவராது.

தி.நகர்: ஜவுளி எடுக்க வந்தா மட்டும்!

கல்யாண ஜவுளி, நகை எடுக்கத்தான் முக்கியமாக வருகிறோம் என்றால் தி.நகர் பக்கம் தங்கலாம். வாங்கிய மூட்டையை ரூமில் போட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போகலாம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023ல் ஆகாய நடைபாதை திறந்துவிட்டார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் மூட்டையோடு முட்டி மோத வேண்டியதில்லை.

ஆனால் தி.நகரில் கடல் கிடையாது! பஸ்சிலோ ஆட்டோவிலோதான் பீச்சுக்கு வர வேண்டும். பண்டிகைக் காலத்தில் தி.நகரை விட்டு வண்டி வெளியே வருவதற்குள் சூரியன் இறங்கிவிடும். தி.நகருக்கு ஒரு பகல் ஒதுக்கிவிட்டு, தங்குவது திருவல்லிக்கேணியிலோ எழும்பூரிலோ இருப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர்: அமைதி... ஆனா செலவு!

மெரினா கூட்டம் பிடிக்காதவர்கள் பெசன்ட் நகர் போகிறார்கள். பீச்சும் சுத்தம். பக்கத்திலேயே அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில். திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயில். ஈ.சி.ஆர். போகவும் இங்கிருந்துதான் சுலபம்.

ஆனால் இங்கே சாதாரண லாட்ஜ் குறைவு. வீடு மாதிரி சமையல் வசதியோடு நாள் வாடகைக்கு விடும் இடங்கள்தான் அதிகம். தனிக் குடும்பத்துக்குக் கட்டாது. அண்ணன் தம்பி குடும்பம், அக்கா குடும்பம் என்று 7, 8 பேராக வந்தால் தலைக்கு வகுத்துப் பார்க்கலாம். அரிசி, பருப்பு வாங்கி சமைத்துக்கொண்டால் ஓட்டல் செலவும் மிச்சம்.

பறக்கும் ரயில் ஸ்டேஷன் இந்தப் பக்கம் கடலுக்குப் பக்கத்தில் இல்லை. இறங்கி பஸ் அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். பெரம்பூர் - பெசன்ட் நகர் 29சி பஸ் மயிலாப்பூர், அடையாறு வழியாக வருகிறது. அது ஒரு நல்ல துணை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா. அப்போது இங்கே ரூம் தேடுவது வீண் அலைச்சல்.

தாம்பரத்தில் தங்கினா மிச்சமா?

"தாம்பரத்துல ரூம் கம்மிண்ணே, அங்கேயே போட்டுக்கலாம்" என்று ஊரில் யாராவது சொல்லி அனுப்புவார்கள். இதில் உண்மை இருக்கிறதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு, தாம்பரத்தில் ரூம் வாடகை ஒரு நாளைக்கு 300 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 3 நாளைக்கு 900 ரூபாய் மிச்சம். தினமும் 4 பேர் ரயிலில் போய் வர ஆளுக்கு 30 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 120, 3 நாளைக்கு 360 ரூபாய். மீதி 540 ரூபாய் கையில் நிற்கும்.

ஆனால் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரவே சுமார் ஒரு மணி நேரம். வண்டிக்குக் காத்திருப்பது, மாறுவது எல்லாம் சேர்த்தால் போக வர 3 மணி நேரம். 3 நாளில் 9 மணி நேரம்! அதாவது ஒரு முழுப் பகல் ரயிலிலேயே போகும். ஒரு நாள் ராத்திரி ரயிலை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தால் அந்த 540 ரூபாயும் காலி.

சொந்தக்காரர் வீடு தாம்பரத்தில் இருக்கிறது, வாடகையே இல்லை என்றால் அது வேறு விஷயம். வண்டலூர் ஜூதான் முக்கியம் என்றாலும் தாம்பரம் வசதி. மற்றவர்கள் யோசித்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

மாமல்லபுரம்: ஒரு ராத்திரி போதும்

"டவுன் சத்தமே வேண்டாம், கடல் பக்கத்திலேயே படுக்கணும்" என்கிறவர்கள் மாமல்லபுரத்தில் தங்கலாம். சென்னையிலிருந்து சுமார் 55 கி.மீ. ஒத்தவாடை தெரு, கிழக்கு ராஜ வீதி பக்கம் லாட்ஜ்கள் இருக்கின்றன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் கிட்டத்தில். 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அர்ஜுனன் தபசைப் பார்க்க டிக்கெட் கிடையாது. கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் டிக்கெட் உண்டு. 15 வயசுக்கு உள்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

ஆனால் மாமல்லபுரத்தில் தங்கிக்கொண்டு தினமும் சென்னை டவுனுக்கு வந்து போக நினைத்தால் முதுகு போய்விடும். அங்கே ஒரு ராத்திரி, சென்னையில் இரண்டு ராத்திரி என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் சென்னைக்குள் வந்துவிட்டு மறுபடி மாமல்லபுரம் திரும்புகிறார்கள். வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரி. தென்மாவட்ட ரயில்கள் பலவும் செங்கல்பட்டில் நிற்கும். அங்கே இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.தான். பஸ் இருக்கிறது. பஸ்சில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்திலிருந்து திரும்பலாம்.

முதல் நாள் மாமல்லபுரம். மறுநாள் ஈ.சி.ஆர். வழியாக கோவளம், முட்டுக்காடு பார்த்துக்கொண்டே சென்னை. கடைசி நாள் தி.நகர், அப்படியே எழும்பூரில் ரயில். ஒரு ரோட்டில் இரண்டு தடவை போக வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூம் மாறுவது மட்டும்தான் இதில் உள்ள கஷ்டம். சாமான் கம்மியாக எடுத்து வந்தால் அதுவும் இல்லை.

ரூம் போடும்போது உஷார்!

லாட்ஜ் கவுன்டரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "24 மணி நேரமா? பகல் 12 மணியா?"

சில லாட்ஜில் ரூம் எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. சில இடத்தில் பகல் 12 மணியானால் அடுத்த நாள் வாடகை விழும். காலை 6 மணிக்கு எழும்பூரில் இறங்கி, 12 மணிக் கணக்கு லாட்ஜில் ரூம் போட்டால் 6 மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்த கதையாகிவிடும். ராத்திரி ரயிலில் வருகிறவர்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் லாபம்.

திரும்பும் நாளில் ராத்திரிதான் ரயில் என்றால் ரூமை முன்பே காலி செய்துவிட்டு, பெட்டிகளை ரயில்வே ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிடலாம். பைக்குப் பூட்டு அவசியம்.

அடுத்தது வரி. 7,500 ரூபாய் வரை உள்ள ரூம் வாடகைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. 1,200 ரூபாய் ரூமுக்கு 60 ரூபாய்தான் வரி. பழைய கணக்கில் 144 ரூபாய் கேட்டால் பில்லைக் கேட்க வேண்டும். சின்ன லாட்ஜ்கள் சிலவற்றில் ஜி.எஸ்.டி. பதிவே இருக்காது. பதிவு இல்லாதவர்கள் வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

ஸ்டேஷன் வாசலிலேயே "ரூம் வேணுமா சார், நல்ல ரூம் காட்டறேன்" என்று சிலர் கையைப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் போகும் கமிஷனும் வாடகையில்தான் ஏறும். பெரியவர் ஒருவர் சாமான், பிள்ளைகளோடு வெயிட்டிங் ஹாலில் உட்கார, இன்னொருவர் மட்டும் போய் 3, 4 லாட்ஜ் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ரூமைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. தண்ணி வருதா, கதவுத் தாழ்ப்பாள் சரியா இருக்கா, ஜன்னல் இருக்கா, பேன் ஓடுதா என்று பார்க்க வேண்டும். கூடுதல் பாய், தலையணைக்குத் தனிக் காசா என்றும் கேட்க வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் ஆதார் கார்டு கொண்டுவர வேண்டும். கொடுத்த காசுக்கு ரசீது கட்டாயம்.

ஆட்டோ ஏறும் முன் ரேட் பேசிவிட வேண்டும். 2013ல் அரசு அறிவித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கி.மீ.க்கு 12 ரூபாய். அந்த ரேட்டுக்கு வண்டி கிடைப்பது அபூர்வம் என்றாலும், பேரம் பேச அது ஒரு அளவுகோல்.

கடல்கிட்ட விளையாட்டு வேண்டாம்!

ரூம் தப்பாகப் போனால் காசுதான் போகும். கடலில் தப்புப் பண்ணினால் உயிரே போகும்.

மெரினாவில் இறங்கிக் குளிக்க போலீஸ் அனுமதிப்பதில்லை. பார்க்க சாந்தமாக இருக்கும் கடல்தான். ஆனால் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் சட்டென்று இறங்கிவிடும். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு இடுக்கு வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை குறைவாக இருப்பதால் "இங்கேதான் சேஃப்" என்று தோன்றும். அங்கேதான் இழுவை அதிகம். ஆற்றிலும் கிணற்றிலும் நன்றாக நீச்சல் அடிக்கிறவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியே வர வேண்டும். கரையில் இருப்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கக் கூடாது. கத்தி போலீசையோ மீனவர்களையோ கூப்பிட வேண்டும். 112, 108 நம்பர்களுக்குப் போன் போட வேண்டும்.

பெசன்ட் நகர் பீச்சில் வெள்ளையாக நிற்கும் மண்டபத்தில் எத்தனையோ பேர் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏன் கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1930ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக்காரரின் நினைவு மண்டபம் அது.

குளித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கோவளம் பீச்சைப் பார்க்கலாம். 2021ல் நீலக்கொடி சான்றிதழ் வாங்கிய பீச் அது. அங்கேயும் பாதுகாவலர் காட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது.

காணும் பொங்கல் போன்ற கூட்ட நாளில் பிள்ளைகள் காணாமல் போவது சகஜம். பெற்றோரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிட வேண்டும். சந்திக்கும் இடம் ஒன்றையும் முன்பே பேசி வைக்க வேண்டும். கலங்கரை விளக்கம், உழைப்பாளர் சிலை, காந்தி சிலை... யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நடக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கடல் ஓரம் வரை போக மெரினாவில் விவேகானந்தர் இல்லம் எதிரே மரப் பாதை இருக்கிறது. 2022ல் திறக்கப்பட்டது. தாத்தா பாட்டியை மணலில் நடக்க வைத்துச் சிரமப்படுத்த வேண்டாம்.

லீவு நாள் பார்த்துப் போங்க!

ஆசையாகப் போய் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. வண்டலூர் ஜூ, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா... மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை லீவு. ஈ.சி.ஆர். முதலைப் பண்ணைக்கு திங்கட்கிழமை லீவு. ஆக செவ்வாய்க்கிழமையை தி.நகருக்கு ஒதுக்கிவிட்டால் பிரச்சனை இல்லை.

காசு கடிக்குதா? அம்மா உணவகம் இருக்கவே இருக்கு. 2013ல் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய் என்று விலை வைத்தார்கள். லாட்ஜ்காரரிடம் கேட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வார்.

கடைசியா என்ன முடிவு?

2 நாள்தான், முதல் தடவை, கடலும் டவுனும் வேணும் என்றால் திருவல்லிக்கேணி. ராத்திரி ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள், ஒரே ஒரு சாயங்காலம் பீச் போதும் என்கிறவர்கள் எழும்பூர். பெரிய குடும்பமாக வந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம். 3, 4 நாள் இருந்தால் முதல் ராத்திரி மாமல்லபுரம், மீதி சென்னை.

ரூம் வாடகையில் 200, 300 ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை. விடியற்காலை பிள்ளைகளை எழுப்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்தே போய் சூரியன் கிளம்புவதைப் பார்க்க முடிகிற இடமாக இருந்தால் அந்தக் காசு வீண் போகாது. வருஷம் முழுக்க உழைக்கிற குடும்பத்துக்குக் கிடைப்பதே 3 நாள் லீவு. அதை பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவானேன்!